28 வயதில் பேசக் கற்றுக்கொண்டவர்

மே 28, 2024, செவ்வாய்

காலையில் போனை எடுத்ததும் முதலில் கண்ணில் பட்டது அமெரிக்க பாஸ்கெட்பால் வீரர் பில் வால்டன் இறந்த செய்தி. 71 வயது. பெருங்குடல் புற்றுநோய். நீண்ட நாள் போராடியிருக்கிறார். எனக்கு அது தெரியவே தெரியாது. காபி ஆறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

செய்திகளில் எல்லாம் அவருடைய விருதுகள்தான். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவில் சாம்பியன் பட்டம் இரண்டு முறை, 1978-ல் சிறந்த வீரர் விருது, 1993-ல் பெரும் வீரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம், அப்புறம் முப்பது வருடத்துக்கு மேல் வர்ணனையாளர். எல்லாம் சரிதான். ஆனால் எனக்கு அவர் வேறு ஒருவர். 28 வயது வரை ஒரு வணக்கம்கூடத் திக்காமல் சொல்ல முடியாதவர். எனக்கும் திக்குவாய். நாலு வயதில் ஆரம்பித்தது, இப்போது 43. கல்லூரியில் பாஸ்கெட்பால் ஆடிக்கொண்டிருந்தபோதுதான் வால்டனுக்கும் திக்குவாய் என்று படித்தேன். அன்றிலிருந்து அவரை விடவில்லை.

அக்கா மகன் விடுமுறைக்கு எங்கள் வீட்டில் இருக்கிறான். 11 வயது. அவனுக்கும் இருக்கிறது. இந்த வருடம் புதிதாக ஒன்று கவனித்தேன். கடையில் ஏதாவது வாங்க வேண்டுமென்றால் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "நீங்க கேளுங்க மாமா" என்கிறான். அதுவும் காதுக்குள். இந்த நாட்களில் வால்டனைப் பற்றி எழுதி வைக்கப் போகிறேன். அவன் வளர்ந்தபின் படிக்கட்டும்.

மே 30, வியாழன்

கலிஃபோர்னியாவில் சான் டியாகோ பக்கத்தில் லா மேசா என்ற ஊர். 1952 நவம்பர் 5-ல் பிறந்தார். அம்மா நூலகர், அப்பா சமூக சேவைத் துறை ஊழியர். வீடு நிறையப் புத்தகம். விளையாட்டு அவருக்கு வானொலி வழியாகத்தான் வந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் ஆட்டங்களைச் சொன்ன சிக் ஹெர்னின் குரலைக் கேட்டுக் கேட்டுத்தான் பாஸ்கெட்பாலைக் காதலித்தேன் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பேச வராத ஒரு பையன், இடைவிடாமல் பேசும் ஒருவரின் குரலுக்குத் தினமும் காத்திருந்திருக்கிறான். இதை நினைத்தாலே எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஹீலிக்ஸ் உயர்நிலைப் பள்ளி அணியில் ஆடினார். கடைசி இரண்டு வருடத்தில் அந்த அணி தொடர்ந்து 49 ஆட்டங்களை வென்றது. அதற்கு முன்பே, 14 வயதில், முழங்காலில் அடி, அறுவை சிகிச்சை. அவர் உடம்பு மேல் கத்தி பட ஆரம்பித்தது அப்போதே.

கோர்ட்டுக்குள் பேச வேண்டியதில்லை. இது திக்குவாய் உள்ளவனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று மற்றவர்களுக்கு விளக்குவது கஷ்டம். கையைத் தூக்கினால் பந்து வரும். கண்ணைக் காட்டினால் புரிந்துகொள்வார்கள். நான் இறங்க வேண்டிய பஸ் நிறுத்தம் 'க'வில் ஆரம்பிக்கும். கண்டக்டர் பக்கத்தில் வந்ததும் அந்த 'க' தொண்டையில் பூட்டிக்கொள்ளும். அதனால் அதற்கு அடுத்த ஸ்டேஜுக்கு டிக்கெட் வாங்கி, முன்னாடியே இறங்கிவிடுவேன். பள்ளி முழுக்க அப்படித்தான் போய்வந்தேன். சாயங்காலம் கிரவுண்டுக்குள் கால் வைத்தால்தான் மூச்சு வரும்.

ஜூன் 1, சனி

யூசிஎல்ஏ, வால்டன் படித்து ஆடிய லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகம். பயிற்சியாளர் ஜான் வுடன்.

அமெரிக்காவின் மிகச் சிறந்த பள்ளி வீரர்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, முதல் நாள் வுடன் சொல்லிக்கொடுத்தது காலுறை போடுவது எப்படி என்று. விரல் பக்கத்தில் ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது, குதிகாலில் மடிப்பு இருக்கக் கூடாது. சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் ஆட முடியாது. அப்புறம் ஷூ லேஸ் கட்டுவது. பையன்களுக்கு அன்று ஒன்றும் புரியவில்லை. வால்டன் இதைப் பிற்காலத்தில் நூறு முறையாவது சொல்லியிருப்பார். எனக்கும் இது முக்கியம், ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

யூசிஎல்ஏ தொடர்ந்து 88 ஆட்டங்களை வென்றது. 1974 ஜனவரி 19-ல் நோட்ர் டேம் அணியிடம் 71-70 என்று தோற்றுத்தான் அது முடிந்தது. கடைசி மூன்றரை நிமிடத்தில் 11 புள்ளி முன்னிலையைக் கோட்டைவிட்டார்கள். அந்தத் தோல்வி வால்டனைக் கடைசிவரை உறுத்தியது.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது 1973 கல்லூரி சாம்பியன் பட்ட இறுதிப் போட்டியை. மெம்ஃபிஸ் ஸ்டேட் அணிக்கு எதிராக 22 முறை ஷாட் எடுத்தார், 21 உள்ளே. 44 புள்ளிகள். இன்றைக்கு மத்தியானம் பையனோடு உட்கார்ந்து பார்த்தேன். பழைய வீடியோ, மங்கல்தான். ஆனால் பந்து காற்றில் இருக்கும்போதே அதைப் பிடித்து, தரையில் கால் படுவதற்குள் பலகையில் மெல்லத் தட்டி உள்ளே போடுகிறார். பையன் எழுந்து நின்று பார்த்தான். "இவருக்குமா மாமா?" என்றான். ஆமாண்டா என்றேன்.

அந்த ஆட்டம் முடிந்த பிறகும் சரி, அந்த வருடங்கள் முழுக்கவும் சரி, அவர் நிருபர்களைத் தவிர்த்தார். திமிர் பிடித்தவர் என்று சிலர் நினைத்தார்கள். வியட்நாம் போரை எதிர்த்து 1972-ல் மறியலில் உட்கார்ந்து கைதானவர், நீளமாக முடி வைத்தவர், அதனால் அந்தப் பெயர் சுலபமாக ஒட்டிக்கொண்டது. பேச முடியாமல் ஒதுங்குகிறவனைத் திமிர் என்று சொல்வது புதிதில்லை. எனக்கும் அந்தப் பெயர் இருந்தது.

ஜூன் 4, செவ்வாய்

தேர்தல் முடிவு. டிவி முழுக்க அதுதான். இன்று வால்டன் இல்லை. ஆனால் பையனும் நானும் ஒரு வேலை செய்தோம். தொகுதிப் பெயர்களைச் சேர்ந்து சத்தமாகப் படித்தோம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் சேர்ந்து படித்தால் திக்காது. இது திக்குவாய் உள்ள எல்லோருக்கும் தெரிந்த அதிசயம். கள்ளக்குறிச்சியைச் சேர்ந்து சொன்னபோது வழுக்கிக்கொண்டு வந்தது. தனியாகச் சொல்லச் சொன்னேன். நின்றுவிட்டான். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அரை நிமிடம் போல ஆனது. வந்தது.

ஜூன் 5, புதன்

கல்லூரிக்குப் பிறகு வால்டன் ஆடிய என்பிஏ அணி போர்ட்லேண்ட் டிரெயில் பிளேசர்ஸ். 1977-ல் இதே தேதியில்தான் அது சாம்பியன் ஆனது. 47 வருடம்.

பிலடெல்ஃபியாவிடம் முதல் இரண்டு ஆட்டத்தையும் தோற்று, அடுத்த நாலையும் வரிசையாக வென்றார்கள். எதிரே அந்த அணியின் நட்சத்திரம் ஜூலியஸ் எர்விங். ஆறாவது ஆட்டம் 109-107. அதில் வால்டன் 20 புள்ளி, 23 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது), 7 அசிஸ்ட் (கூட ஆடுபவர் புள்ளி எடுக்கப் பாஸ் கொடுப்பது), 8 பிளாக் (எதிராளியின் ஷாட்டைத் தடுப்பது). கடைசியில் பனியனைக் கழற்றிக் கூட்டத்துக்குள் எறிந்தார். போர்ட்லேண்டுக்கு இன்றுவரை அது ஒன்றுதான் பட்டம்.

ஒரு சென்டர், அதாவது கூடைக்குப் பக்கத்தில் ஆடும் உயரமான வீரர், எப்படி ஆட வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் அந்த வருட வால்டனைத்தான் காட்டுவேன். ரீபவுண்டைப் பிடித்தவுடன் பந்தைக் கீழே இறக்கவே மாட்டார். காற்றிலேயே உடம்பைத் திருப்பி, பாதிக் கோர்ட் தாண்டி ஓடுகிறவன் கைக்கு அனுப்புவார். எதிரணி திரும்பிப் பார்ப்பதற்குள் அவன் கூடைக்கு ஓடிப் பந்தைப் போட்டு முடித்திருப்பான். அவரைவிட அதிகப் புள்ளி எடுத்த சென்டர்கள் எத்தனையோ பேர். கூட ஆடும் நாலு பேரையும் ஒரு படி மேலே தூக்கிவிட்ட சென்டர் என்றால் எனக்கு அவர்தான் முதலில்.

அடுத்த சீசனில் முதல் 60 ஆட்டத்தில் 50 வெற்றி. அப்போது கால் போனது. பட்டத்துக்கான ப்ளே-ஆஃப் சுற்றில் வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டுக்கொண்டு இறங்கினார். பாதத்தில் நேவிக்குலர் எலும்பு உடைந்தது. அணியோடு மனஸ்தாபம், பிரிவு. 1978-79 முழுக்க ஆடவில்லை. சான் டியாகோ கிளிப்பர்ஸுக்குப் போன முதல் வருடம் 14 ஆட்டம். அப்புறம் இரண்டு வருடம் ஒன்றுகூட இல்லை. வாழ்நாளில் மொத்தம் 468 லீக் ஆட்டங்கள்தான். அறுவை சிகிச்சைகள் முப்பதுக்கும் மேல்.

ஜூன் 7, வெள்ளி

காலை ஆறு மணிக்கு இந்த வருட என்பிஏ இறுதித் தொடரின் முதல் ஆட்டம். பாஸ்டன் 107, டல்லஸ் 89. பாஸ்டன் வால்டனின் அணியும்தான். 1985-86-ல் அங்கே மாற்று ஆட்டக்காரராகப் போய், 80 ஆட்டம் ஆடினார். அவர் வாழ்க்கையிலேயே ஒரு சீசனில் அதுதான் அதிகம். அந்த அணியின் நட்சத்திரம் லாரி பேர்டோடு சேர்ந்து இரண்டாவது பட்டம், மாற்று ஆட்டக்காரர்களுக்கான சிறந்த ஆறாவது வீரர் விருதும். மறு வருடம் 10 ஆட்டம். அதோடு முடிந்தது. இரண்டு கணுக்கால்களையும் பிற்பாடு அசையாதபடி இணைத்துவிட்டார்கள்.

ஜூன் 9, ஞாயிறு

இன்று எழுதுவதுதான் எனக்கு முக்கியமானது.

மார்ட்டி கிளிக்மேன். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் 4x100 தொடர் ஓட்டத்தில் ஓட இருந்தவர், 18 வயது. ஓட்டத்தன்று காலையில் அவரையும் சாம் ஸ்டோலரையும் எடுத்துவிட்டு வேறு இருவரைப் போட்டார்கள். அமெரிக்கத் தடகள அணியில் இருந்த யூதர்கள் இந்த இரண்டு பேர்தான். கிளிக்மேன் அப்புறம் வானொலிக்குப் போய், நியூயார்க் நிக்ஸ் என்ற பாஸ்கெட்பால் அணியின் ஆட்டங்களின் குரலாக ஆனார். பாஸ்கெட்பாலை வானொலியில் எப்படிச் சொல்வது என்பதற்கு இலக்கணம் போட்டவர்களில் ஒருவர்.

வால்டனுக்கு 28 வயது இருக்கும்போது ஒரு நிகழ்ச்சியில் இருவரும் சந்தித்தார்கள். வால்டன் திக்குவதைக் கேட்ட கிளிக்மேன் உட்கார வைத்துச் சில விஷயங்களைச் சொன்னார். யோசனையையே மெதுவாக்கு. சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லு, தாடைக்குப் பலம் வரும். தினமும் சத்தமாகப் படி. உனக்கு எந்த ஒலி வரவில்லையோ அதை எழுதி வை, அதையே பழகு. சின்னப் பிள்ளைகளுக்குப் பேசச் சொல்லிக்கொடு. அப்புறம் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும் ஒன்று: பாஸ்கெட்பாலை எப்படிக் கற்றாயோ அப்படியே பேச்சைக் கற்றுக்கொள்.

இங்கேதான் எனக்கு வுடனின் காலுறை ஞாபகம் வருகிறது. ஆட்டத்தை ஒரே மூச்சில் யாரும் கற்பதில்லை. காலுறை, லேஸ், ஒரு காலை ஊன்றித் திரும்பும் பிவட், பாஸ் என்று துண்டு துண்டாக, தினமும், சலிக்காமல். வால்டனுக்கு அந்த வழி தெரியும், காலில் இருந்தது. நாக்குக்கும் அதே வழிதான் என்று யாராவது சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

தேதிகளைச் சேர்த்துப் பார்த்தேன். 1980 நவம்பரில் அவருக்கு 28 முடிந்தது. பாதம் உடைந்து ஒரு ஆட்டம்கூட ஆடாத இரண்டு வருடங்கள் அப்போதுதான். கால் ஓய்ந்து கிடந்த காலத்தில் நாக்கு எழுந்திருக்கிறது. கொஞ்ச நாளில் ஸ்டான்ஃபோர்டில் சட்டம் படிக்கவும் சேர்ந்தார். வணக்கம் சொல்ல முடியாதவர் சட்டக் கல்லூரியில்!

இது குணமாகிவிட்டது என்று அவர் சொன்னதில்லை. தினமும் உழைக்க வேண்டும், வாழ்நாள் முழுக்க, என்றுதான் சொன்னார். எனக்குச் சின்ன வயதில் நாக்குக்கு அடியில் கூழாங்கல் வைக்கச் சொன்னார்கள், வசம்பு தேய்த்தார்கள். சத்தமாகப் படி என்று ஒருவரும் சொல்லவில்லை.

இன்று மத்தியானம் பையனுக்கு வராத ஒலிகளை எழுதச் சொன்னேன். 'ப', 'த', அப்புறம் அவனுடைய பெயரின் முதல் எழுத்து. நோட்டில் அழுத்தி எழுதினான். நான் என் 'க'வைக் கீழே எழுதினேன். நாளை பள்ளி திறக்கிறது. சாயங்காலம் அக்கா வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள்; நோட்டை மறக்காமல் பையில் வைத்துக்கொண்டான்.

ஜூன் 12, புதன்

வர்ணனையாளர் வால்டன். 90-களில் என்பிசி டிவி, பிறகு ஈஎஸ்பிஎன் டிவி. "த்ரோ இட் டவுன், பிக் மேன்!" என்று அவர் கத்துவதைக் கேட்டால் டங்க் போட்டவனைவிட, அதாவது பந்தைக் கூடைக்குள் ஓங்கித் திணித்தவனைவிட, அவருக்குத்தான் சந்தோஷம் அதிகம் போலிருக்கும். ஆட்டத்தின் நடுவே எரிமலை, நதி, சைக்கிள், கிரேட்ஃபுல் டெட் இசைக்குழு என்று எங்கேயோ போய்விடுவார். அந்தக் குழுவின் 850-க்கும் மேற்பட்ட கச்சேரிகளுக்குப் போனவர், 1978-ல் எகிப்தில் பிரமிடுகளுக்குப் பக்கத்தில் நடந்தது உட்பட. அதிகம் பேசுகிறார், ஆட்டத்தைச் சொல்லமாட்டேன் என்கிறார் என்று குறைபட்டவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஸ்கோர் தெரியாமல் நானே தவித்திருக்கிறேன். ஆனாலும் ஒரு வார்த்தைக்காக 28 வருடம் வாசலில் நின்றவருக்குக் கதவு திறந்தால் அவர் எப்படிப் பேசுவார்? அப்படித்தான் பேசினார். நான் ஒரு நாளும் சத்தத்தைக் குறைத்ததில்லை.

2008-ல் முதுகெலும்பு கைவிட்டது. எழுந்திருக்க முடியாமல் தரையிலேயே கிடந்தார். வாழ்வதே வேண்டாம் என்று தோன்றிய நாட்கள் அவை என்று பிறகு வெளிப்படையாகச் சொன்னார். 2009-ல் பெரிய அறுவை சிகிச்சை. 2012-ல் மறுபடி மைக் முன்னால், இந்த முறை மேற்குக் கடற்கரைக் கல்லூரிகளின் பேக்-12 ஆட்டங்களுக்கு. அந்தப் பேக்-12-ஐ அவர் அளவுக்கு யாரும் நேசித்திருக்க மாட்டார்கள். 12 பல்கலைக்கழகங்களில் 10 இந்தக் கோடையில் பிரிந்து போகின்றன, அவருடைய யூசிஎல்ஏவும்தான்.

ஜூன் 15, சனி

டல்லஸ் 122, பாஸ்டன் 84. பாதியில் அணைத்துவிட்டேன். அக்கா போன் செய்தாள். பையன் மாடியில் தனியாகச் சத்தமாகப் படிக்கிறானாம், கதவைச் சாத்திக்கொண்டு. கேட்காத மாதிரி இரு அக்கா என்றேன்.

ஜூன் 18, செவ்வாய்

முடிந்தது. பாஸ்டன் 106-88. பதினெட்டாவது பட்டம். வால்டன் இருந்த 1986 பட்டம் பதினாறாவது.

ஏழு நாற்பத்தைந்து போல இடைவேளையில் போன் அடித்தது. அக்கா நம்பர். எடுத்தால் பேச்சே இல்லை, மூச்சுச் சத்தம் மட்டும். புரிந்துவிட்டது. அவன் இதுவரை எனக்குப் போன் செய்ததே இல்லை. எங்களுக்குப் போன் எப்படிப்பட்ட பயம் என்று எங்களுக்குத்தான் தெரியும். எதிரில் முகம் இல்லை, கை இல்லை, குரல் மட்டும்தான்.

காத்திருந்தேன். ஹலோ, ஹலோ என்று அவசரப்படுத்தவில்லை.

"ப... ப... ப..." என்று வெகு நேரம். பின்னால் பள்ளிக்கு நேரமாகிறது என்று அக்காவின் குரல். அப்புறம், "பாஸ்டன் எத்தனை மாமா?"

"67. டல்லஸ் 46டா."

"ச... சரி. முடிஞ்சதும் நீங்க போன் பண்ணாதீங்க. சாயங்காலம் நானே பண்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டான்.