டி.சி.க்குக் காத்திருந்த ஆறு வாரம்

அஞ்சல் அலுவலகக் கவுண்ட்டரில் 31 வருஷம் உட்கார்ந்தவள் நான். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் திருப்பிக் கொடுத்தே பழகிய கை. ஓய்வு பெற்றபின், காரைக்குடியில் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து நடத்தும் சின்ன சங்கத்துக்குள் அந்தக் கையோடுதான் நுழைந்தேன். வெளிமாநிலத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களுக்குப் பள்ளிக்கூடம், ரேஷன், ஆதார் என்று கூடப் போய் நிற்பதுதான் சங்கத்தின் வேலை. எனக்கு இந்தி தெரியும் என்று ஒரு பேச்சு வேறு. சின்ன வயதில் பிராத்மிக், மத்யமா என்ற இரண்டு இந்திப் பரீட்சையும் பாஸ் செய்ததோடு சரி. அதை நம்பி, பீகாரில் கயா பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தை என் பொறுப்பில் விட்டார்கள்.

கணவன் கட்டட வேலை, மனைவி சித்தாள். ஒன்பது வயதில் பையன், ஆறு வயதில் பெண். அப்பா அம்மா வேலைக்குப் போனதும் லைன் வீட்டு வாசலில் தங்கச்சியைக் காவல் காப்பதுதான் பையனுக்கு வேலை. ஊரில் மூன்றாம் வகுப்பு முடித்திருந்தான்.

ஜூனில் பள்ளி திறந்த வாரமே அழைத்துப் போனேன். "டி.சி. வாங்கிட்டு வந்துடுங்க மேடம், சேர்த்துக்கலாம்" என்றார் தலைமையாசிரியை. எனக்கு அது நியாயமாகவே பட்டது. கயாவில் இருக்கும் பள்ளிக்கு போன் போட்டால் நேரில் வரச் சொன்னார்கள். ஊரிலிருக்கும் சித்தப்பாவைப் பிடித்து, அவர் ஒரு நாள் கூலியை விட்டுப் போய் நின்று, நான்காவது வாரம் வாட்ஸ்அப்பில் டி.சி. படமாக வந்தது. பார்த்தால் அப்பா பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, டி.சி.யில் ஒரு மாதிரி. நான் என்ன செய்தேன் தெரியுமா? திருத்தி வாங்கி அனுப்பச் சொன்னேன். கவுண்ட்டர் புத்தி. இன்னும் இரண்டு வாரம் போயிற்று. பையன் அதே வாசலில் உட்கார்ந்திருந்தான்.

எங்கள் சங்கத்துக்குத் தன் வீட்டு முகப்பைத் திறந்துவிட்டிருக்கும் ஆச்சியிடம் இதைப் புலம்பினேன். எண்பதைத் தாண்டியவர். பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "இது கொண்டுவிக்கப் போன கதைதானே ஆத்தா, கடல் தாண்டித் தொழிலுக்குப் போன கதை. எங்க ஐயா ரங்கூன்ல எறங்குனப்ப அவுகளுக்குப் பர்மாப் பாஷை ஒரு சொல் தெரியாது. மொகல் தெருவுல நம்மாளுக தங்கித் தொழில் பண்ற கிட்டங்கியில எடம் குடுத்தாக. மறுநாளே பெட்டியடிப் பையனா, எடுபிடி வேலைக்கு உக்கார வச்சுட்டாக. மத்ததெல்லாம் அப்புறந்தான்." ஆச்சி எதைச் சொன்னாலும் பர்மாவில் கொண்டுபோய் முடிப்பார் என்பதால் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதே வாரம் வட்டார வள மையத்து ஆசிரியப் பயிற்றுநர் ஒருவர் பள்ளி செல்லாப் பிள்ளைகளைத் தேடி அந்த லைன் வீட்டுக்கே வந்தார். என்னைப் பார்த்து அவர் கேட்டது: "டி.சி. வரலேன்னா சேர்க்கக் கூடாதுன்னு யாரு மேடம் சொன்னது?" 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கிறதாம். டி.சி. வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவும் கூடாது, மறுக்கவும் கூடாது. வயதுச் சான்று இல்லையென்றாலும் அப்படித்தான். தமிழ் ஓரெழுத்து தெரியாவிட்டாலும் வயதுக்கு ஏற்ற வகுப்பில்தான் உட்கார வைக்க வேண்டும், பிந்திய பாடத்துக்குத் தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும். நானோ இவனை ஒன்றாம் வகுப்பில் போடலாம் என்று மனதுக்குள் முடிவே செய்திருந்தேன். அன்று மதியமே பையன் நாலாம் வகுப்பு, பெண் ஒன்றாம் வகுப்பு. தலைமையாசிரியை மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் கேட்டார், நான் ஏன் என்று கேட்கவில்லை. அந்த ஆறு வாரம் என் கணக்கு.

பள்ளியில் முதல் குழப்பம் காலை உணவில். பொங்கல் போட்ட நாளில் இரண்டும் "கிச்சடி, கிச்சடி" என்று குதித்தன. அவர்கள் ஊரில் அரிசியும் பருப்பும் சேர்த்துக் குழைய வேகவைப்பதுதான் கிச்சடி. நம் ரவா கிச்சடி வந்த நாளில், ஏமாற்றிவிட்டார்கள் என்ற முகத்தோடு சின்னது என்னைப் பார்த்தது.

சாயங்காலம் ஆச்சி வீட்டு முகப்பில் தமிழ் எழுத்து. பையன் கெட்டிக்காரன், ஆனால் 'க'வில் மாட்டிக்கொண்டான். இந்தியில் அதற்கு நாலு எழுத்து. கானா என்று எழுதிக் காட்டினேன். "இது சாப்பாடா, பாட்டா?" என்றான். அவன் பாஷையில் இரண்டுக்கும் முதலெழுத்து வேறு. நம் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். என்னிடம் பதில் இல்லை. "பாடினாத்தான் சோறுன்னு சொல்லு" என்றார் உள்ளேயிருந்து ஆச்சி.

ரேஷன்தான் இழுத்தடித்தது. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரிலேயே சேர்ந்துவிட்டது. புது அட்டை தேவையில்லை, ஊர் அட்டையை ஒப்படைக்கவும் வேண்டாம். அந்த அட்டை எண்ணோ ஆதார் எண்ணோ போதும், கைரேகை விழுந்தால் அரிசி. சொல்ல எளிது. முதல் மாதம் கணவன் போனான். சிமென்ட்டில் தேய்ந்த விரல். பத்தையும் வைத்துப் பார்த்தும் எந்திரம் ஏற்கவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க, அவன் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டான். இனி போகவே மாட்டேன் என்றான். அட்டையில் பெயர் இருக்கும் யார் விரல் வைத்தாலும் போதும் என்று தெரிந்ததும் அவன் மனைவியை அழைத்துப் போனேன். அவள் விரல் மூன்றாவது முறையில் விழுந்தது. ஆனால் கடைக்காரர் திரையைத் திருப்பிக் காட்டினார்: இந்த மாதம் பாக்கி ஒன்றுமில்லை.

இரவெல்லாம் யோசித்தேன். அப்புறம்தான் தெரிந்தது, ஊரில் இருக்கும் மாமியார் வழக்கம்போல மாத ஆரம்பத்திலேயே முழுப் பங்கையும் வாங்கிவிட்டார். அட்டையில் ஐந்து பேர். ஆளுக்கு 5 கிலோ வீதம் 25 கிலோ. 2023 ஜனவரியிலிருந்து அதற்குக் காசும் கிடையாது. அங்கே பாதி, இங்கே பாதி என்று பிரித்து வாங்க முடியும், ஆனால் இரண்டு பக்கமும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். போனில் மாமியாரும் மருமகளும் அரைமணி நேரம் அவர்கள் ஊர்ப் பேச்சான மகஹியில் பேசினார்கள். என் மத்யமா அங்கே செல்லவில்லை. சண்டையா சமாதானமா என்றுகூடப் புரியவில்லை. கடைசியில் மாமியாருக்கு 5, இங்கே 20 என்று முடிவானது. கோதுமையும் கிடைக்கும் என்று பை இரண்டு கொண்டுவந்திருந்தாள். அன்று இருந்தது அரிசி மட்டும். இரண்டு பையிலும் அதையே வாங்கிக்கொண்டாள்.

சின்னவளின் ஆதாரில் கைரேகையே இல்லை. கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்தது. ஐந்து வயதுக்குப் பிறகு விரலும் கண்ணும் பதிய வேண்டும். அதை அஞ்சல் அலுவலகத்திலேயே முடித்தோம். எனக்குப் பின்னால் வந்த பெண் என் நாற்காலியில் உட்கார்ந்து, என் படிவத்தில் ஒரு கட்டம் காலி என்று திருப்பிக் கொடுத்தாள்.

தீபாவளி முடிந்ததும், பீகாரில் சூரியனைக் கும்பிடும் சத் பூஜைக்கு ஊருக்குக் கிளம்பினார்கள். பத்து நாள் என்று போனவர்கள் மூன்று வாரம் வரவில்லை. வகுப்பாசிரியை இரண்டு முறை கேட்டார். நான் போன் செய்தால் மணி அடிக்கும், எடுக்க மாட்டார்கள். திரும்பி வராத குடும்பங்களைச் சங்கம் முன்பே பார்த்திருக்கிறது. எனக்குத் தூக்கமில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் பையன் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போவதை வாசலில் நின்று பார்த்தேன். கையசைத்தான், நிற்கவில்லை. சாயங்காலம் அவன் அம்மா ஆச்சி வீட்டுக்குத் தேக்குவா கொண்டுவந்தாள். கோதுமை மாவும் வெல்லமும் பிசைந்து பொரித்தது, கல் மாதிரி இருந்தது. நான் பழக்கதோஷத்தில், "ரேஷன் கடைக்கு எப்போ போகலாம்? நாளைக்கா?" என்றேன். முன்பெல்லாம் என்னை இந்தியில் 'தீதி' என்று கூப்பிட்டவள், "வேணாம் அக்கா" என்று தமிழில் சொல்லிச் சிரித்தாள். "இந்த மாசம் எல்லாம் அங்கயே வாங்கியாச்சு. அடுத்த மாசம் நான் மட்டும் போறேன்."

ஆச்சி தேக்குவாவைக் கடித்துப் பார்த்துவிட்டு, காப்பியில் முக்கி வைத்து, ஊறட்டும் என்று காத்திருந்தார்.