வசந்தம் அல்ல, ஊற்று

“வசந்தகால வாய்க்கால்கள் ஆண்டுதோறும் தூர்வாரப்பட்டன” என்று, பாலாற்றைப் பற்றிய பழைய ஆங்கில வரி ஒன்றைச் செயற்கை நுண்ணறிவுச் செயலி மொழிபெயர்த்துக் கொடுத்தது. இரவு பதினொன்றரை மணி. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். வேலூர் சத்துவாச்சாரி வீட்டின் சமையலறையில் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாலாற்றில் ஏது வசந்தகால வாய்க்கால்?

ஆங்கிலேயர் ஆவணங்களில் ‘ஸ்பிரிங் சேனல்’ என்று வருவது நம் ஊற்றுக்கால். ‘ஸ்பிரிங்’ என்றால் வசந்தமும் உண்டு, ஊற்றும் உண்டு; ‘கால்’ என்றால் வாய்க்கால். பாலாற்றில் வெள்ளம் ஓடுவது அரிது. 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியபோது, அதைப் பார்க்கவே மக்கள் பாலத்தில் கூடி நின்றார்கள். ஆனால் மணலுக்கு அடியில் நீர் நகர்ந்துகொண்டிருக்கும். ஆற்று மணலைச் சாய்வாக நெடுந்தூரம் வெட்டிக்கொண்டு போனால், அந்த நீர் ஊறித் தானாகவே ஓடி, கரையோர வயலுக்கோ ஏரிக்கோ வந்து சேரும். ஏற்றம் வேண்டாம், மாடு வேண்டாம். வெள்ளம் வந்து மணலை நிரப்பிவிட்டுப் போனால் ஊர் கூடி மறுபடியும் வெட்ட வேண்டும். பிறகு மணலை அள்ளினார்கள், ஆழ்துளைக் கிணறுகள் பெருகின, நீர்மட்டம் இறங்கியது, ஊற்றுக்கால்கள் செத்துப்போயின. ஆற்காடு, வாலாஜா பக்கத்தில் அவற்றை வெட்டிய கைகள் இன்னும் சில இருக்கின்றன. என் முனைவர் பட்ட ஆய்வு அவர்களைப் பற்றியது.

நான் தமிழ்வழியில் படித்தவள்; பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். 1881-இல் ஆர்தர் காக்ஸ் தொகுத்து, பின்னர் ஹெரால்ட் ஸ்டூவர்ட் திருத்திய வட ஆற்காடு மாவட்டக் கையேட்டை முதல் இரண்டு ஆண்டுகள் அகராதியோடு மல்லுக்கட்டித்தான் படித்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். இப்போது பக்கத்தைப் படமெடுத்து, “இந்த வாக்கியத்தில் எழுவாய் எது? வேலை யாருடையது, செலவு யாருடையது?” என்று செயற்கை நுண்ணறிவுச் செயலியைக் கேட்கிறேன். சலிக்காமல் பதில் சொல்கிறது. வழிகாட்டியிடம் இரண்டாம் முறை கேட்கக் கூசும் கேள்வியை இதனிடம் பத்து முறை கேட்கலாம். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய எனக்கு இது பெரிய துணை. அதை மறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் நம் ஊர்ச் சொல் வந்தால் அது தடுமாறுகிறது. ‘டேங்க்’ என்று வந்தால் ஏரி என்னாது, தொட்டி என்கிறது. வாலாஜா அருகே ஒரு பெரியவர் பேசியதைப் பதிவுசெய்து, பெயர்களையெல்லாம் நீக்கிவிட்டு, ஆங்கிலச் சுருக்கம் கேட்டேன். “நாற்பது பேர் போய்க் கால் வெட்டினோம்” என்று அவர் சொன்னது, நாற்பது பேருக்குக் காலில் வெட்டுக்காயம் பட்டதாக மாறியிருந்தது. நெஞ்சு பதறிவிட்டது. அந்தச் சுருக்கத்தை மட்டும் படிக்கிற வெளியூர் ஆய்வாளர் ஒருவர், வாலாஜாவில் ஏதோ கலவரம் நடந்தது என்றல்லவா எழுதிவிடுவார்? அன்று முதல் ஒரு சொற்பட்டியல் வைத்திருக்கிறேன். கால், மதகு, கலிங்கல், நீர்க்கட்டி, குடிமராமத்து என்று அறுபது சொற்களுக்கு மேல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கத்தோடு. ஒவ்வொரு முறையும் முதலில் அதைக் கொடுத்துவிட்டுத்தான் கேள்வி கேட்கிறேன். ‘வசந்தம்’ அதன்பின் வரவில்லை.

இன்னொரு பாடத்துக்கு ஒரு நாள் விடுப்பு செலவானது. ஊரார் கூடி நீர்நிலைகளைப் பராமரிக்கும் குடிமராமத்து வேலையைக் கட்டாயமாக்கி 1858-இல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் வந்தது. அதையொட்டிய அரசாணை ஏதாவது உண்டா என்று கேட்டேன். எண், நாள், பக்கம் எல்லாம் போட்டு ஒன்றைத் தந்தது. காட்பாடியில் காலை ரயிலைப் பிடித்து எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். அந்த எண்ணில் இருந்தது வேறொரு மாவட்டத்தின் சாலைச் செலவு. இரவு செயலியிடம் சொன்னேன். வருத்தம் தெரிவித்து, உடனே இன்னோர் எண்ணைத் தந்தது! இப்போதெல்லாம் அதனிடம் ஆதாரம் கேட்பதில்லை. நான் கொடுத்த பக்கத்துக்குள் இருப்பதை மட்டும் கேட்கிறேன். எந்த வரியை வைத்துச் சொல்கிறாய் என்றும் கேட்டு, அந்த வரியைப் பக்கத்தில் விரல் வைத்துத் தேடுகிறேன். விரலுக்கு அகப்படாதது ஆய்வேட்டுக்குள் போகாது.

போன ஞாயிறு, திருத்திய அத்தியாயத்தை அந்தப் பெரியவருக்கே படித்துக் காட்டினேன். திண்ணையில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தினார்.

“யாரம்மா அது, தகவலாளர் ஏழு?”

“நீங்கள்தான் தாத்தா. பெயர் வெளியே தெரியக் கூடாது என்று அப்படிப் போட்டேன்.”

“என் பெயர் போனால் போகட்டும். ஆளுக்கு இத்தனை முழம் என்று கயிறு பிடித்து அளந்துவிட்டவர் எங்கள் அப்பா. அவர் பெயர் இல்லாமல் எப்படிக் கால் வெட்டுவாய்? எழுதிக்கொள்.”

அப்பாவின் பெயரில் தொடங்கி, ஆற்றோரத்திலிருந்து யார் எந்த இடத்தில் நின்று வெட்டினார்கள் என்று வரிசையாகச் சொன்னார். கைப்பேசியை அணைத்துவிட்டு நோட்டில் எழுதினேன். இருபத்தாறு பெயர்கள் வந்தன. மற்றவர்களை யோசித்து வைக்கிறேன், அடுத்த ஞாயிறு வா என்றார்.