அம்மா அப்பா ஊரிலிருந்து வரும்போது: சிங்கப்பூர்க் காடுகளில் குடும்பத்தோடு நடப்பது

கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம், வாளையாறு என்று பாலக்காட்டு எல்லையோரத்தில் எந்த ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு வந்திருந்தாலும், காட்டுக்குப் போவது பற்றி நமக்கு ஊரில் பழகிய ஒரு முறை இருக்கும். தோணி அருவிக்கு வனத்துறை ஆள் கூட வருவார். சைலண்ட் வேலிக்கு முக்காலியில் சீட்டு வாங்கி வழிகாட்டியோடு போக வேண்டும். பரம்பிக்குளம் கேரளத்தில் இருந்தாலும் தமிழ்நாட்டுச் சேத்துமடை வழியாகச் சுற்றித்தான் போய்ச் சேர முடியும். மலம்புழைப் பக்கம் யானை இறங்கியிருக்கிறதா என்று விசாரிக்காமல் யாரும் உள்ளே காலெடுத்து வைப்பதில்லை.

இங்கே கேட்கவும் ஆள் இல்லை, தடுக்கவும் ஆள் இல்லை. எம்ஆர்டி ரயிலில் போய் இறங்கிக் கால் மணி நேரம் நடந்தால் காடு வந்துவிடும். சீட்டு கிடையாது, யானையும் கிடையாது. அந்தச் சுலபத்தை நம்பித்தான் புதிதாக வந்த குடும்பங்கள் ஏழு வயதுப் பிள்ளையையும் எழுபது வயதுப் பாட்டியையும் கூட்டிக்கொண்டு, நடுவில் வெளியேற வழியில்லாத பாதையில் போய் மாட்டிக்கொள்கின்றன. பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது மொத்த நீளத்தைப் பார்ப்பதற்கு முன், எந்த இடத்தில் திரும்பலாம் என்பதைப் பாருங்கள். முட்டிவலிக்காரர் முதல் அரை மணியிலேயே முடியாது என்று சொன்னால் என்ன செய்வீர்கள் என்பதற்குப் பதில் இருக்கும் பாதைதான் குடும்பத்துக்கு ஏற்ற பாதை.

சிங்கப்பூரில் சட்டப்படி அறிவிக்கப்பட்ட இயற்கைக் காப்பகங்கள் நான்கு: புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதி, சுங்கை பூலோ சதுப்புநிலம், லாப்ரடார். இவற்றை ஒட்டி வின்சர், ஹிண்டிட், செஸ்ட்நட் போன்ற இயற்கைப் பூங்காக்கள் இருக்கின்றன. காப்பகத்தின் மேல் விழும் கூட்டத்தைக் குறைக்கத்தான் இவற்றை அமைத்தார்கள். பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் பல நேரங்களில் இந்தப் பூங்காக்களே வசதி.

எல்லோரும் முதலில் கேட்பது, மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதியில் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தை ஒட்டிய காட்டிலுள்ள மரவுச்சிப் பாலத்தைப் (TreeTop Walk) பற்றித்தான். 2004இல் திறந்த தொங்குபாலம் அது. நீளம் 250 மீட்டர், மிக உயர்ந்த இடத்தில் தரையிலிருந்து 25 மீட்டர். படத்தில் பார்த்தால் பத்து நிமிட வேலை போலத் தோன்றும். ஆனால் பாலம் காட்டின் உள்ளே வெகு தூரம் தள்ளி இருக்கிறது. எங்கே தொடங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்துப் போய்த் திரும்ப ஏழு முதல் பத்து கிலோமீட்டர், மூன்று முதல் ஐந்து மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாலத்தில் ஒருவழிப் போக்குவரத்துதான். ஏறிய பிறகு பயமாக இருக்கிறது என்று பிள்ளை அழுதாலும் வந்த வழியே திரும்ப முடியாது. இறங்கியதும் படிக்கட்டுகள் நிறைய வரும். பாலம் பொதுவாகத் திங்கட்கிழமை மூடியிருக்கும், செவ்வாய் முதல் வெள்ளி வரை காலை 9 முதல் மாலை 5 வரை, சனி ஞாயிறுகளில் காலை 8.30 முதல். மழை, இடி என்றாலும் மூடிவிடுவார்கள். பராமரிப்புக்காக நீண்ட நாள் மூடுவதும் உண்டு. அதனால் தேசியப் பூங்காக் கழகத்தின் (NParks) இணையதளத்தை முந்தின இரவே பார்த்துவிடுங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட, நடந்து பழகிய பிள்ளைகளோடு போகலாம். தாத்தா பாட்டியோடு என்றால் வேண்டாம்.

அவர்களுக்கும் அதே மெக்ரிட்சியில் நல்ல இடம் இருக்கிறது. நீர்த்தேக்கக் கரையை ஒட்டிய மரப்பலகைப் பாதைகள் சமதளம், நிழல் உண்டு. கால் வலித்தால் அந்த இடத்திலேயே திரும்பிவிடலாம். முகப்பிலேயே கழிப்பறையும் குடிநீரும் இருக்கின்றன. வளைந்து வளைந்து போகும் பாலத்தில் நின்றால் மீனும் ஆமையும் தெரியும். சின்னப் பிள்ளைக்கு அதுவே போதும்.

புக்கிட் தீமா 163 மீட்டர்தான். நெல்லியாம்பதி மலையை வாசலிலிருந்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு மலையா என்று தோன்றும். ஆனால் மேலே போகும் தார்ச்சாலை தொடக்கத்திலேயே செங்குத்தாக ஏறுகிறது. மூச்சு வாங்குவதும் அங்கேதான். ஏற்றத்தைவிட இறக்கம்தான் முட்டியைப் பதம் பார்க்கும். குழந்தைத் தள்ளுவண்டியோடு போனால் இறங்கும்போது முழு எடையையும் கையால் பிடித்து நிறுத்த வேண்டிவரும். உச்சியில் பரந்த காட்சியையும் எதிர்பார்க்காதீர்கள், சுற்றிலும் மரங்கள்தான். பியூட்டி வேர்ல்ட் நிலையத்தில் இறங்கினால் நடந்துபோகும் தூரம். காலை 7 முதல் மாலை 7 வரை திறந்திருக்கும். குடும்பத்தில் பாதிப் பேர் மேலே போகட்டும். மீதிப் பேர் அடிவாரத்தை ஒட்டிய ஹிண்டிட் பூங்காவில் பழைய கல்குவாரிக் குளத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும். எங்கே சந்திப்பது என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள்.

கைக்குழந்தைக்கும் சக்கர நாற்காலிக்கும் காப்பகத்துக்கு வெளியே தென்முகடுப் பாதை (Southern Ridges) இருக்கிறது. அலெக்சாண்டிரா வளைவுப் பாலத்தருகே தொடங்கும் வனநடைப் பாதை 1.3 கிலோமீட்டர் நீளம். தரைக்கு மேலே தூக்கிக் கட்டப்பட்டது, சரிவு மென்மையானது. தரை முழுக்க இரும்புக் கம்பி வலை. கீழே மரங்கள் தெரியும். குதிகால் செருப்பு அதில் மாட்டிக்கொள்ளும், உயரம் ஆகாதவர்களுக்குத் தலை சுற்றும். மர உச்சி மட்டத்தில் போவதால் நிழலும் குறைவு. பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

உடம்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வளர்ந்தவர்களுக்கு நாற்பது டிகிரி வெயில் புதிதல்ல. சிங்கப்பூரில் 32 டிகிரிதானே என்று நினைத்து அவர்கள் தண்ணீரைக் குறைவாக எடுத்து வருகிறார்கள். நம் ஊரில் காற்று வியர்வையை உலர்த்திவிடும். உலரும்போது உடம்பும் குளிரும். இங்கே காற்றில் ஈரம் அதிகம், காட்டுக்குள் காற்றும் அசையாது. வியர்வை வழியுமே தவிர உலராது, உடம்புச் சூடும் இறங்காது. இரண்டு மணி நேர நடைக்குப் பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒரு லிட்டர், பிள்ளைகளுக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளுங்கள். உப்புப் போட்ட மோர் என்றால் இன்னும் நல்லது. சர்க்கரை நோயாளி இருந்தால் பிஸ்கட்டும் மாத்திரையும் அவருடைய சட்டைப்பையிலேயே இருக்கட்டும். முன்னால் ஓடும் பேரனின் பையில் இருந்து பயனில்லை. ரப்பர் செருப்பு ஈரப் பலகையில் வழுக்கும். அம்மாவுக்கு ஒரு கேன்வாஸ் ஷூ வாங்கிக் கொடுங்கள். சேலையோடு வந்தால் கணுக்காலுக்கு மேலே கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மழைக் கணக்கும் ஊரோடு ஒத்துப்போகாது. ஊரில் ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கும். இங்கே மழை வலுப்பது டிசம்பர், ஜனவரித் தொடக்கத்தில், சரியாகப் பள்ளி விடுமுறையில். பிப்ரவரி ஓரளவு காய்ந்த மாதம். பெற்றோரை வரவழைக்க அதுவே நல்ல சமயம். மற்ற மாதங்களிலும் பிற்பகலில் திடீர் இடிமழை வரும். சூரியன் ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் உதிக்கிறது. அதனால் ஏழரைக்குத் தொடங்கிப் பத்தரைக்குள் வெளியே வந்துவிடுவது நல்லது. இடிச் சத்தம் கேட்டால் மரத்தடியில் ஒதுங்காதீர்கள். கூரையும் சுவரும் உள்ள கட்டடத்துக்குத் திரும்புங்கள்.

குரங்கு விஷயத்தில் நம்மவர்கள் கொஞ்சம் தாராளம். கோயில் குரங்குக்கு வாழைப்பழம் கொடுத்துப் பழகிய கை சும்மா இருக்காது. இங்கே 2020இல் வந்த வனவிலங்குச் சட்டப்படி, முதல் முறை பிடிபட்டாலே குரங்குக்குத் தீனி போட்டதற்கு 5,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை அபராதம் விதிக்கலாம். மறுபடி செய்தால் 10,000 வரை போகும். அபராதத்தைவிடப் பெரிய காரணம் குரங்குதான். ஒருமுறை மனிதர் கையில் தின்று பழகினால் அடுத்து வரும் பிள்ளையின் பையைப் பிடுங்கும். நெகிழிப் பையின் சரசரப்பே அதற்குச் சோற்று மணி. நேந்திரங்காய்ச் சிப்ஸ், புளியோதரைப் பொட்டலம் எல்லாவற்றையும் ஜிப் வைத்த முதுகுப் பைக்குள் எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். வெளியே வந்து உணவங்காடியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். குரங்கு எதிரே வந்தால் கண்ணைப் பார்க்காமல், பல்லைக் காட்டிச் சிரிக்காமல், பிள்ளையை நடுவில் விட்டு மெல்ல விலகி நடங்கள். ஓடினால் துரத்தும்.

பூஜைக்குப் பூ, மருந்துக்கு இலை என்று எதையும் பறிக்காதீர்கள். காப்பகத்துச் செடியைச் சேதப்படுத்தினால் தண்டனை கடுமையானது. பாதையை விட்டு இறங்குவதும் குற்றம். இதை ஊரிலிருந்து வந்தவர்களிடம் வீட்டிலேயே சொல்லிவிட்டால் நடுக்காட்டில் பெரியவர்களைக் கண்டிக்கும் சங்கடம் வராது.

ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் சுங்கை பூலோவுக்குப் போங்கள். வழி தட்டையானது, பறவைகளை ஒளிந்து நின்று பார்க்க மறைகுடில்கள் உண்டு, நுழைவு இலவசம். 2002இல் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இந்த அலையாத்திக் காட்டுக்கு செப்டம்பர் முதல் மார்ச் வரை வடக்கிலிருந்து வலசைப் பறவைகள் வருகின்றன. நேரம் குறிப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கடல் ஏற்றமாக இருக்கும்போது வெளியே சேற்றுத்திட்டுகள் மூழ்கிவிடும். உள்ளான் என்ற கரைப்பறவைகள் எல்லாம் கூட்டமாக உள்ளே குளங்களுக்கு வந்து நிற்கும். வற்றத்தில் போனால் பறவை குறையும். ஆனால் சேற்றில் தத்தும் மீன்களும் நண்டுகளும் வெளியே இருக்கும், பிள்ளைகள் அவற்றைத்தான் விரும்புவார்கள். கடல் ஏற்ற வற்ற நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பார்த்து, எதற்காகப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். முதலைகள் உண்மையிலேயே இருக்கின்றன. பெரிய பாலத்திலிருந்து பார்ப்பதுதான் பாதுகாப்பு. கரையோரம் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். உடும்பு பாதையின் குறுக்கே கிடந்தால் காத்திருங்கள், தானே போய்விடும்.

சுங்கை பூலோவுக்குக் கிராஞ்சி எம்ஆர்டியிலிருந்து 925 பேருந்து. அது அடிக்கடி வராது. காப்பகத்துக்கு இரண்டு வாசல்கள் உண்டு, இரண்டும் ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கின்றன. எந்த வாசல் அருகே பேருந்து நிற்கும் என்பது கிழமையைப் பொறுத்து மாறலாம். ஏறும்போதே ஓட்டுநரிடம் கேட்டுவிடுங்கள். திரும்பும் பேருந்து நேரத்தையும் கைபேசியில் பார்த்துக்கொண்டு நடையை முடியுங்கள்.