சம்பளக் கணக்கு வேலைக்குப் படிக்கிறவர்கள் ஏஐ காலத்தில் கையால் போட்டுப் பழக வேண்டிய கணக்குகள்

பாளையங்கோட்டையிலும் பேட்டையிலும் பி.காம். முடித்து, டேலி சான்றிதழும் கையில் வைத்திருக்கும் பிள்ளைகள் கேட்பது ஒரே கேள்விதான்: ஏஐ வந்துவிட்டதே, பேரோல் கிளார்க் வேலை இனி இருக்குமா? வேலையின் எந்தப் பாதியைக் கேட்கிறீர்கள் என்று நாங்கள் திருப்பிக் கேட்போம். மஸ்டரை (வருகைப் பதிவேட்டை) பார்த்து நாள் கணக்கைத் தட்டச்சு செய்வது, பே ஸ்லிப் அச்சடிப்பது, வங்கிக்குப் பட்டியல் அனுப்புவது, இந்தப் பாதி போய்க்கொண்டிருக்கிறது. அதில் பெரும்பகுதியை ஏஐ வருவதற்கு முன்பே சாதாரண மென்பொருள் எடுத்துக்கொண்டுவிட்டது. ஆலைக்கு ஒரு கிளார்க் என்பது குறைந்து, ஒரு ஆடிட்டர் ஆபீசில் ஒருவரே பல நிறுவனங்களின் சம்பளத்தைப் பார்க்கும் வழக்கம் கூடும். அந்த ஒருவராக நீங்கள் இருக்க வேண்டுமானால், ஒரு எண் ஏன் அப்படி வந்தது என்று சொல்லத் தெரிய வேண்டும்.

அதனால் முதல் இரண்டு வாரம் மென்பொருளைத் தொடாதீர்கள். பென்சில், தாள், கால்குலேட்டர் போதும்.

2025 ஜூன் மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 14,000, வீட்டு வாடகைப் படி 4,000, மொத்தம் 18,000. 30 நாளில் இரண்டு நாள் சம்பளமில்லா விடுப்பு. 28 நாளுக்கு மொத்தம் 16,800, அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் 13,067. இந்த 13,067க்கு பி.எப். (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், 1,568. மொத்தம் 16,800க்கு ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) முக்கால் சதவீதம், 126. கைக்கு வருவது 15,106. முதலாளி பங்கைப் பலர் போடாமல் விட்டுவிடுகிறார்கள். அதையும் போடுங்கள். ஈ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 546. பி.எப். பங்கும் 1,568தான்; அதிலிருந்து, 13,067க்கு 8.33 சதவீதமான 1,088 ஓய்வூதியத்துக்குப் போகும், மீதி 480 பி.எப். கணக்குக்கு. ஓய்வூதியப் பங்குக்குச் சம்பள உச்சவரம்பு 15,000. ஆகவே அடிப்படை எவ்வளவு உயர்ந்தாலும் அந்தத் தொகை 1,250ஐத் தாண்டாது. ஆளுக்கு 58 வயது முடிந்துவிட்டால் ஓய்வூதியப் பங்கு பூஜ்யம், முழு 12 சதவீதமும் பி.எப்.புக்கே. இந்த வயதுக் கணக்கைத் தேர்வில் கேட்டால் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

ரூபாய்க்கு முழுமையாக்குவதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. பி.எப். அருகிலுள்ள ரூபாய்க்கு, ஈ.எஸ்.ஐ. எப்போதும் மேல் ரூபாய்க்கு. 16,800க்கு 126 சரி. சம்பளம் 16,810 ஆனால் கணக்கு 126.08, பிடிக்க வேண்டியது 127. ஏஐயிடம் எக்செல் சூத்திரம் கேட்டால் இரண்டுக்கும் ஒரே ‘ரவுண்ட்’ போட்டுத் தந்துவிடக்கூடும். ஈ.எஸ்.ஐ.க்கு ‘ரவுண்ட்அப்’ வேண்டும். ஆளுக்கு ஒரு ரூபாய்தானே என்று விட்டால் முந்நூறு பேர் ஆலையில் செலான் (பணம் கட்டும் சீட்டு) ஒத்துப்போகாது.

அடுத்த பயிற்சி, மதில் மேல் பூனையான சம்பளங்கள். ஈ.எஸ்.ஐ. வரம்பு 21,000; அதற்கு மேல் சம்பளம் என்றால் ஆள் ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே. ஒருவருக்கு ஏப்ரலில் 20,500, ஜூலையில் 22,000 ஆகிறது. மென்பொருளில் வரம்பை மட்டும் எழுதிவைத்தவர்கள் ஜூலையிலேயே பிடித்தத்தை நிறுத்திவிடுவார்கள். தப்பு. பங்களிப்புக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை. காலத்தின் தொடக்கத்தில் உள்ளே இருந்தவர் அதன் முடிவு வரை உள்ளேதான். ஆகவே செப்டம்பர் வரை முழு 22,000க்கும் 165 பிடிக்க வேண்டும், முதலாளி 715 கட்ட வேண்டும். விட்டுப்போனால் பின்னால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியோடு கட்ட நேரும்.

ஓ.டி. (கூடுதல் நேர ஊதியம்) இன்னும் சிக்கல். 2025 ஜூன், ஜூலையில் அமலில் இருந்த 1948ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டப்படி, வரம்பைப் பார்க்கும்போது ஓ.டி.யைச் சேர்க்கவில்லை, பங்களிப்பு போடும்போது சேர்த்தார்கள். சம்பளம் 20,600, ஓ.டி. 1,900 என்றால் ஆள் உள்ளே, பிடித்தம் 22,500க்கு 169. பி.எப்.புக்கோ ஓ.டி. கிடையாது.

மேலே போட்டதெல்லாம் 2025 ஜூன், ஜூலைக் கணக்கு. அந்த ஆண்டு நவம்பர் 21ல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்தன. ‘சம்பளம்’ என்ற சொல்லுக்கே புது வரையறை வந்துவிட்டது. ஒதுக்கிவைக்கும் படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி சம்பளத்தோடு சேரும். அடிப்படையைக் குறைத்துப் படிகளை ஊதிவைத்திருந்த இடங்களில் பட்டியலே மாறும். ஏஐ வழுக்குவது இப்படிப்பட்ட இடங்களில்தான். அது படித்த பழைய பக்கங்களும் புதிய பக்கங்களும் அதற்கு ஒன்றுதான். ஈ.எஸ்.ஐ. விகிதம் கேட்டால் 2019 ஜூலைக்கு முந்தைய 1.75, 4.75 என்ற எண்களை நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாலும் சொல்லும். தொழில் வரி கேட்டால் பெங்களூரு வழக்கப்படி மாதம் 200 என்று சொல்லக்கூடும். நம் ஊரில் அது அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சிக்குக் கட்டுவது. உங்கள் நோட்டில் ஒவ்வொரு விகிதத்துக்கும் பக்கத்தில் ‘எந்தத் தேதி முதல், எந்த அறிவிப்பு’ என்று இரண்டு கட்டம் போட்டுவையுங்கள். அந்த இரண்டு கட்டமும் நிரம்பாத எண்ணைப் பட்டியலில் ஏற்றாதீர்கள்.

வருமான வரியில் இந்த வேலைக்கு வேண்டியது கொஞ்சம்தான். ஊழியர் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் புதிய வரி முறை. 2025–26ல் சம்பளக்காரருக்கு 12,75,000 வரை வரி இல்லை, அதில் 75,000 நிலைக் கழிவு. பிடித்ததை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், மார்ச் மாதப் பிடித்தத்துக்கு மட்டும் ஏப்ரல் 30. பி.எப்., ஈ.எஸ்.ஐ. இரண்டுக்கும் 15ஆம் தேதி.

எண்ணை விடவும் பெயர்தான் நம் சீமையில் அதிகம் வதைக்கும். ஒரே ஆலையில் நாலு இசக்கிமுத்து, மூன்று மாரியப்பன் இருப்பார்கள். ஆதாரில் தலைப்பெழுத்து முன்னால், வங்கியில் பின்னால், பி.எப்.பில் அப்பா பெயர் முழுதாக. ஆங்கிலத்தில் ஒருவர் ‘E’ போட்டுத் தொடங்கும் பெயரை இன்னொருவர் ‘I’ போட்டுத் தொடங்கியிருப்பார். இரட்டைப் பதிவு தேடும் ஏஐ கருவி, இரண்டு வெவ்வேறு இசக்கிமுத்துகளை ஒரே ஆள் என்று சேர்க்கப் பார்க்கும். ஒரே ஆளின் இரண்டு எழுத்து வடிவத்தை இரண்டு ஆளாகவும் விடும். பெயரை வைத்து ஒப்பிடவே கூடாது. யு.ஏ.என். (பி.எப்.பில் ஆளுக்கு ஒன்றாகத் தரும் நிரந்தர எண்), பிறந்த தேதி, வங்கிக் கணக்கின் கடைசி நாலு எண், மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாதாந்தர பி.எப். கோப்பில் ஆளுக்குப் பதினொரு புலங்கள் உண்டு. முதலாவது யு.ஏ.என்., இரண்டாவது பெயர். பத்தாவது புலம் சம்பளமில்லா நாட்கள். மேலே சொன்ன ஆளுக்கு அதில் 2 வர வேண்டும். இதைப் பூஜ்யமாக விட்டு அனுப்புகிறவர்கள் ஏராளம்.

வருகைப் பதிவிலும் இதே கதை. இரவு 10 மணிக்குக் கைரேகை வைத்து காலை 6 மணிக்கு வெளியேறும் மூன்றாம் ஷிப்ட்காரரை, தேதி மாறுவதால், இரண்டு அரை நாள் ஆப்சென்ட் என்று இயந்திரம் காட்டும். நூற்பாலைக்கு நேர்முகம் போகிறவர்கள் இந்த ஒன்றை விளக்கினாலே போதும், எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இதெல்லாம் கை வந்தபின் ஏஐயைப் பக்கத்தில் வையுங்கள். அதற்கு நல்ல வேலைகள் இருக்கின்றன. கற்பனையாக இருபது பேர் மஸ்டர் ஒன்று தயாரிக்கச் சொல்லுங்கள்; நடுமாதத்தில் சேர்ந்தவர், விலகியவர், 58 தாண்டியவர், 21,000 தாண்டியவர் அதில் ஒவ்வொருவராவது இருக்க வேண்டும். நீங்கள் கையால் போட்டு, பிறகு அதன் விடையோடு ஒப்பிடுங்கள். வேறுபட்டால் யார் சரி என்று பி.எப்., ஈ.எஸ்.ஐ. தளங்களில் சுற்றறிக்கை தேடிப் பாருங்கள். போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் 10 சதவீதத்துக்கு மேல் மாறிய ஆட்களைப் பொறுக்கி எடுக்கச் சொன்னால் அழகாகச் செய்யும். காரணத்தை மட்டும் நீங்கள் எழுதுங்கள். உண்மையான ஆதார் எண்ணோ வங்கிக் கணக்கோ பொது அரட்டைக் கருவியில் ஒருபோதும் ஏறக்கூடாது. பிரித்து எடுக்க வேண்டுமானால் ஆள் எண் மட்டும் கொடுங்கள். ‘என் கணக்கு மாறிவிட்டது, இதில் போடுங்கள்’ என்று முதலாளி குரலிலேயே வாட்ஸ்அப் வந்தாலும், பழைய எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேட்காமல் மாற்றாதீர்கள். குரலைப் போலி செய்வது இப்போது சின்ன வேலை.

நேர்முகத்துக்குப் போகும்போது அந்த ஜூன் மாதத் தாளையும் முழு ஜூலைக்கான தாளையும் கொண்டுபோங்கள். ஜூலையில் பி.எப். 1,680, ஈ.எஸ்.ஐ. 135, கைக்கு 16,185. தொழிலாளி வந்து, “அண்ணாச்சி, ரெண்டு நாள் லீவுக்கு 1,200 புடிப்பீங்கன்னு பாத்தேன், 1,079தான கொறஞ்சிருக்கு, அடுத்த மாசம் மிச்சத்த புடிப்பீங்களோ?” என்று கேட்பார். சம்பளத்தில் குறைந்தது 1,200தான். அதற்குரிய பி.எப். 112ம் ஈ.எஸ்.ஐ. 9ம் பிடிக்காமல் விட்டதால் கையில் குறைந்தது 1,079, பாக்கி எதுவும் இல்லை. தாளைப் பார்க்காமல் இதை அவர் மொழியில் சொல்லிப் பழகுங்கள்.