பச்சைப்பிள்ளையை மதுரைக்குக் கொண்டுவரும்போது

உசிலம்பட்டி, பேரையூர் பக்கமிருந்து பச்சைப்பிள்ளையோடு பெரியாஸ்பத்திரிக்கு ஓடிவருகிற குடும்பங்களுக்கு இது.

2011-ல் வந்த ஜனனி சிசு சுரக்‌ஷா திட்டப்படி, அரசு மருத்துவமனையில் பிள்ளைக்கு சிகிச்சை, மருந்து, பரிசோதனை, ரத்தம் எல்லாமே இலவசம். போக, வர வண்டியும் இலவசம். முதலில் 30 நாள் என்றிருந்ததை 1 வயதுவரை நீட்டிவிட்டார்கள். இந்தியா 1992-ல் ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 24-வது பிரிவும் எந்தப் பிள்ளைக்கும் சிகிச்சை கிடைக்காமல் போகக் கூடாது என்கிறது. அதனால் யாரிடமும் கெஞ்ச வேண்டாம். காசு கேட்டால் 104 என்கிற அரசு மருத்துவ உதவி எண்ணில் சொல்லுங்கள்.

பால் குடிக்கவில்லை, வலிப்பு, நெஞ்சு உள்ளிழுக்கிறது, உள்ளங்கால்வரை மஞ்சள் என்றால் உடனே 108. சந்தேகமாக இருந்தால், அழாத நேரத்தில் சட்டையை விலக்கி முழு 1 நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் மறுபடி எண்ணுங்கள். அப்போதும் அப்படியே என்றால் கிளம்ப வேண்டியதுதான்.

பல பிள்ளைகளுக்கு வழியில்தான் நிலைமை மோசமாகிறது. காரணம் குளிர். எடை குறைந்த பிள்ளைக்குத் தோலடிக் கொழுப்பு கம்மி. உடம்புச் சூடு இறங்கினால் ரத்தச் சர்க்கரையும் இறங்கும், மூச்சும் தளரும். மதுரை வெயிலிலும் இது நடக்கும். துண்டில் சுற்றினால் மட்டும் போதாது. குல்லா, காலுறை, இடுப்புத்துணி தவிர மற்றதைக் கழற்றி, அம்மாவின் வெறும் மார்பில் நிமிர்த்தி அணைத்து, பருத்திச் சேலையால் கட்டுங்கள். தலை ஒருபக்கம் திரும்பி, மூக்கு மறையாமல் இருக்கணும். அம்மாவுக்கு முடியாவிட்டால் அப்பாவோ அப்பத்தாவோ அணைக்கலாம்.

குடிக்கிற பிள்ளைக்குக் கிளம்புமுன் தாய்ப்பால் மட்டும். சேனை (நாக்கில் தொட்டுவைக்கிற சர்க்கரைத் தண்ணீர், தேன்) வேண்டாம். வலிப்பு வந்த பிள்ளைக்கு வாயில் எதுவுமே கொடுக்கக் கூடாது.