ஏசி கேஸ் தானாகத் தீராது

வெயில் ஏறினால் போதும், எனக்கு ஒரே மாதிரி போன்கள்தான் வரும். "அண்ணே, கூலிங்கே இல்ல. கேஸ் தீந்துடுச்சு போல, வந்து போட்டுட்டுப் போங்க."

அடுப்பு சிலிண்டர் மாதிரி ஏசி கேஸ் எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது, அவ்வளவுதான். குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அவுட்டோர் யூனிட்டில் குழாயை இணைக்கும் ஃப்ளேர் நட் பக்கம் பார்த்தாலே தெரிந்துவிடும். கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் கொஞ்சம் வெளியே வரும். அதில் தூசி ஒட்டிக் கறுப்பாகப் பிசுபிசுத்துக் கிடக்கும். சோப்பு நுரை தடவினால் குமிழி கிளம்பும். குழாய் முனையை வெட்டி, புதிதாக ஃப்ளேர் அடித்து (முனையை விரித்து), வேக்கம் போட்டு (உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து), அப்புறம்தான் கேஸ் ஏற்ற வேண்டும். "அதெல்லாம் எதுக்குண்ணே, சும்மா டாப்-அப் பண்ணுங்க" என்பார்கள். அடுத்த கோடையில் அதே வீட்டிலிருந்து அதே போன்.

கசிந்ததெல்லாம் காற்றில்தான் கலக்கிறது. பழைய ஏசிகளில் இருக்கும் ஆர்-22 ஓசோனையும் அரிக்கும். அதில் ஒரு கிலோ வெளியேறினால், நூறு ஆண்டுக் கணக்கில் சுமார் 1,800 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். மாற்றாக வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் சூடாக்குவதில் அதே கணக்கு 2,000 கிலோவைத் தாண்டிவிட்டது. நல்ல மாற்று! இப்போது கடைகளில் அதிகம் கிடைக்கும் ஆர்-32-க்கு 675 என்கிறார்கள். குறைவுதான். ஆனாலும் ஒரு ஏசியிலிருந்து முக்கால் கிலோ போனால், 200 லிட்டருக்கு மேல் பெட்ரோல் எரித்த கணக்கு.

ஆர்-410ஏ, ஆர்-32 வகை கேஸ்களைக் குறைக்க 2016-இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் உடன்பாடு போட்டார்கள். இந்தியா 2021-இல் ஏற்றது. நமக்கு 2028-இல் உச்சவரம்பு, 2032-இல் முதல் குறைப்பு. சரி. ஆனால் அந்தக் கணக்கெல்லாம் உற்பத்திக்கும் இறக்குமதிக்கும்தான். மொட்டை மாடியில் ஸ்பேனரோடு நிற்கும் ஆளிடம் யார் கணக்கு கேட்பது?

எனக்கு எரிச்சல் வருவது வீடு மாற்றும்போதுதான். அவசரத்தில் நட்டைத் திருகி, புஸ்ஸென்று மொத்த கேஸையும் விட்டுவிட்டு ஏசியைக் கழற்றிப் போகிறார்கள். முறையான வழி இருக்கிறது, பம்ப் டவுன் என்போம். ஏசியை கூலிங்கில் ஓடவிட்டு, மெல்லிய குழாயின் வால்வை அலன் கீயால் மூடினால், கம்ப்ரசரே கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். அழுத்தம் காட்டும் கேஜ் முள் பூஜ்ஜியத்தை நெருங்கும்போது தடித்த குழாயையும் மூடி, உடனே சுவிட்சை அணைக்க வேண்டும். சில நிமிட வேலை. அந்த கேஸுக்கு நீங்கள் ஏசி வாங்கும்போதே காசு கொடுத்தாயிற்று. புது வீட்டில் 'கேஸ் சார்ஜ்' என்று தனியாக பில் நீட்டினால், பழைய வீட்டில் எப்படிக் கழற்றினீர்கள் என்று முதலில் கேளுங்கள்.