ரூபாய்க்கு எத்தனை சேர்?

சென்னை மாகாணத்தின் பழைய விலைப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றுவது என் வேலையில் பாதி. அந்த எண்களிடம் கேள்வி கேட்பது மறுபாதி. பொருளாதாரக் கோட்பாட்டையும் புள்ளியியலையும் கொண்டு வரலாற்றைப் படிக்கும் துறை இது. சூத்திரங்கள்தான் இதில் கடினம் என்று பலரும் நினைக்கிறார்கள். பழைய பக்கம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

19ஆம் நூற்றாண்டு அரசு அட்டவணைகளில் அரிசி, கம்பு, கேழ்வரகு எல்லாவற்றுக்கும் விலை 'ரூபாய்க்கு இத்தனை சேர்' என்றே இருக்கும். சேர் என்பது பழைய எடை அளவு; 80 தோலா ஒரு சேர், ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. எண் ஏறினால் விலை இறங்கியிருக்கிறது. ஓர் ஊரில் ரூபாய்க்கு 10 சேர், பக்கத்து ஊரில் 20 சேர் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 15 சேர் என்று போட்டால், ரூபாய்க்கு 16 அணா என்ற கணக்கில், சேர் ஒன்றுக்கு 1.07 அணா வருகிறது. முதலில் விலையாக மாற்றிவிட்டுச் சராசரி எடுத்தால் 1.6, 0.8 இரண்டுக்கும் நடுவே 1.2 அணா. ஊருக்கு ஊர் விலை தாறுமாறாகப் போகும் பஞ்ச ஆண்டுகளில் இந்த வேறுபாடு பெரிதாகும். வகுத்தல் எந்த இடத்தில் வருகிறது என்பதைக் கவனிக்காவிட்டால் பஞ்சத்தின் கடுமையே கணக்கில் குறைந்துபோகும். புதிதாகச் சேரும் இளைஞர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

எந்த எண்ணைத் தேடுவது என்பதைக் கோட்பாடு சொல்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் ரயில் வந்ததால் சரக்குக் கூலி எவ்வளவு குறைந்தது என்று அறிய டேவ் டொனால்ட்சன் என்ற பொருளியலாளர் உப்பைப் பிடித்தார். எடுத்துக்காட்டாக, ராஜஸ்தானின் சாம்பார் ஏரி உப்பு அந்த ஒரே இடத்தில்தான் விளையும். விற்பதோ பல மாவட்டங்களில். விளையும் இடத்து விலைக்கும் விற்கும் இடத்து விலைக்கும் உள்ள இடைவெளியில் வண்டிச் செலவு ஒளிந்திருக்கிறது. மாட்டு வண்டி நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் போனால் அதிகம். ரயில் 600 கிலோமீட்டர் போகும். ரயில் எட்டிய மாவட்டங்களில் விவசாய உண்மை வருமானம் (விலைவாசி மாற்றத்தைக் கழித்த வருமானம்) சுமார் 16 விழுக்காடு உயர்ந்தது என்பது அவர் கண்ட முடிவு. செழிப்பான ஊராகப் பார்த்துத்தான் தண்டவாளம் போட்டார்களோ என்ற சந்தேகம் எவருக்கும் வரும். திட்டமிட்டும் கடைசிவரை போடாமலே விட்ட பாதைகளை எடுத்து அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார். அங்கே அப்படி ஓர் உயர்வு தென்படவில்லை. இந்த ஒரு சோதனைக்காகவே இந்தத் துறையை நான் மதிக்கிறேன்.

அமெரிக்க ரயில்களைப் பற்றி 1964இல் இதே வகைக் கேள்வியைக் கேட்ட பொருளாதார வரலாற்றாசிரியர் ராபர்ட் ஃபோகல், அவற்றால் கிடைத்த போக்குவரத்துச் செலவு மிச்சம் 1890இன் தேசிய உற்பத்தியில் 5 விழுக்காட்டைக்கூட எட்டாது என்றார். அங்கே ரயில் இல்லாவிட்டால் ஆறும் கால்வாயும் இருந்தன. இந்தியாவின் பெரும்பகுதியில் இருந்தது மாடுதான். ரயிலைப் பற்றிப் பொதுவாக ஒரே விடை சொல்ல முடியாது. ரயிலுக்கு மாற்றாக என்ன இருந்தது என்பதைப் பார்த்தே சொல்ல வேண்டும்.

இத்தனையும் நான் சொன்ன பிறகு, மாவட்டங்களுக்கிடையே தானிய விலை இடைவெளி குறைந்ததைக் காட்டும் என் வரைபடத்தைப் பார்த்து, உடன் பணிபுரியும் வரலாற்றாசிரியர் ஒருவர் கேட்டார்: "மாவட்டங்களின் விலை நெருங்கி வந்தது சரி. வாங்குகிறவன் கையில் காசு இருந்ததா?" 1876-78 பஞ்சத்தின்போது சென்னை மாகாணத்தில் ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது; தானியமும் வந்தது. ஆனால் வயல் வேலை நின்றவனுக்குக் கூலி இல்லை. நிவாரண வேலைக்குப் போன ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று, பஞ்ச நிலையைப் பார்வையிட இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்தார். சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதைக் கடுமையாக எதிர்த்தார். தானிய விலையை மட்டும் பார்க்கிறவனுக்கு இந்தச் சண்டை கண்ணில் படாது.

ஆகவே இப்போது விலைக்குப் பக்கத்தில் கூலியையும் ஏற்றுகிறோம். அட்டவணைகளில் 'உடல் வலுவுள்ள விவசாயக் கூலியாள்' என்று ஒரு பத்தி உண்டு. அதில் இருப்பது ரொக்கக் கூலி. தஞ்சாவூர்ப் பண்ணையாளுக்கு நெல்லாக அளந்தார்கள். விலை ஏறியபோது அவன் நிலை ரொக்கக் கூலிக்காரனைப் போல இருந்திருக்க முடியாது. இருவரையும் ஒரே பத்தியில் சேர்த்துச் சராசரி எடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. தனித்தனியாகவே ஏற்றிவருகிறோம். வேலை மெதுவாகத்தான் நகர்கிறது.